லிட்டல்டனிலிருந்து ஒரு இருட்டுக் குரல்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "நியூசிலாந்துப் பாடகி ஆல்டஸ் ஹார்டிங்கை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய முதல் ஆல்பத்தை எல்லோரும் 'கோதிக் ஃபோக்' என்கிறார்கள். பேய் மாளிகைக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? உண்மையிலேயே அப்படி ஒரு வகை இருக்கிறதா, விற்பதற்காக ஒட்டிய பெயரா? எதிலிருந்து ஆரம்பிப்பது?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 2017ல் பிபிசி தொலைக்காட்சியில், ஜூல்ஸ் ஹாலண்டின் இசை நிகழ்ச்சியில் ஹார்டிங் 'ஹொரைசன்' பாடிய காணொளி இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பியுங்கள். காதில் மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள். பியானோவில் சில கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) தான், அவையே திரும்பத் திரும்ப வரும். நடுவில் அவர் நிற்கிறார். கண்கள் ஒரு கட்டத்தில் அகல விரிந்து நிலைகுத்துகின்றன, உதடு ஒரு பக்கம் இழுபடுகிறது, பல் தெரிகிறது. பாட்டுக்கு அதெல்லாம் தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். அதைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் "என்ன நடிப்பு இது" என்று முகம் சுளித்தது, இன்னொரு கூட்டம் அன்றைக்கே அவருக்கு ரசிகராகிவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் என்பது நான்கு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இப்போது அந்தப் பெயர். 'கோதிக் ஃபோக்' என்பதைப் பத்திரிகைக்காரர்கள் அசட்டையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். பெண், கிடார், தாழ்ந்த குரல், கொஞ்சம் எதிரொலி இருந்தால் போதும், பெயர் ஒட்டிவிடும். ஆனால் அந்த இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை, கிட்டத்தட்ட ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிறந்த வருஷம்கூட ஒன்றுதான்.

ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயப் பிரபு 1764 கடைசியில் ஒரு கதை வெளியிட்டார். கல்யாண நாளன்று மாப்பிள்ளையின் தலையில் வானத்திலிருந்து ராட்சத தலைக்கவசம் விழுந்து நசுக்கும் கதை. யாரோ பழைய இத்தாலியக் கதையை மொழிபெயர்த்த மாதிரி பொய் சொல்லித்தான் முதலில் விட்டார். நன்றாக ஓடியதும் 1765ல் வந்த இரண்டாம் பதிப்பில் "நான்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டு, தலைப்புக்குக் கீழே 'ஒரு கோதிக் கதை' என்று சேர்த்தார். இலக்கியத்தில் அந்தச் சொல் ஒரு வகையின் பெயராக ஆனது அங்கிருந்துதான்.

அதே 1765ல் தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் பழைய ஆங்கிலப் பாட்டுகளை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். அவை அவர் கைக்கு வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. ஷிஃப்னல் என்ற ஊரில் நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அலமாரிக்கு அடியில் தரையில் ஒரு பழைய கையெழுத்துக் கட்டு அழுக்காகக் கிடக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண்கள் அதிலிருந்து தாள் கிழித்து அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிந்தது போக மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்தார். அச்சிட்ட தொகுப்புக்கு அடிப்படை அந்தக் கட்டு. எரிந்த தாள்களில் என்ன இருந்ததோ.

ஆக, அறிவும் ஒழுங்குமே பெரிது என்றிருந்த காலத்தில் அலுத்துப்போன படித்தவர்கள், ஒருவர் பாழடைந்த கோட்டையைத் தேடிப் போனார், ஒருவர் பழைய பாட்டைத் தேடிப் போனார். தேடியது இரண்டு பேரும் ஒன்றைத்தான். அதனால் யாராவது ஃபோக் பாட்டில் கோதிக் 'கலந்திருக்கிறார்' என்று எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். பால் கறக்கும்போதே இருந்த கொழுப்பை யாரோ பிறகு ஊற்றியதாகச் சொல்வது போல இருக்கிறது அது.

கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு பாட்டு போதும். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டுகளை வடிவ வாரியாக அடுக்கி 305 எண் போட்டார். பாடகர்கள் இன்றைக்கும் 'சைல்ட் 10', 'சைல்ட் 12' என்று எண்ணாலேயே பேசுவார்கள். பத்தாம் எண், இரண்டு சகோதரிகள் கதை. ஒருவனை இரண்டு பேரும் விரும்புகிறார்கள். அக்கா தங்கையைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறாள். பிணம் ஆலைக்காரனின் அணையில் ஒதுங்குகிறது. அந்த வழியாக வந்த பாணன் அவளுடைய மார்பெலும்பில் யாழ் செய்து, பொன்னிறக் கூந்தலை நரம்பாகக் கட்டுகிறான். அரண்மனையில் கொண்டுபோய் வைத்ததும் யாழ் தானாகவே பாடுகிறது: கொன்றது அதோ, அக்கா.

இதைவிட கோதிக் என்ன வேண்டும்? ஆனால் கவனிக்க வேண்டியது கதையை அல்ல, பாடும் விதத்தை. இந்தப் பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு ஒட்டுவரி வரும், கதையோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. அமெரிக்காவுக்குப் போன வடிவங்கள் சிலவற்றில் அந்த ஒட்டுவரி நடன அழைப்பு. 'குனிந்து எனக்கு வணக்கம் சொல்' என்கிற மாதிரி. ஆமாம், இளவட்டங்கள் கூடி இதற்கு ஆடியிருக்கிறார்கள். ஒரு வரியில் தங்கை மூழ்குகிறாள், அடுத்த வரியில் ஜோடி மாறுகிறது. பாடுபவர் "ஐயோ" என்று ஒரு சொல் சொல்வதில்லை. அழுகை இல்லை, நீதி இல்லை, அக்காவுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்ற விளக்கமும் இல்லை. குரலில் ஏற்ற இறக்கம்கூட இருக்காது. பின்கழுத்து சில்லிடுவது கொலையால் அல்ல, அந்த அசையாத முகத்தால்.

என் கட்சி இதுதான். இந்த வகையில் நல்ல பாடகரையும் வேஷக்காரரையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் ஒரே சோதனை: பயங்கரமான இடம் வரும்போது குரல் என்ன செய்கிறது? கறுப்பு உடுப்பு, மெழுகுவர்த்தி, ஆல்பம் அட்டையில் காக்கை எல்லாம் கடையில் கிடைக்கும்.

ராகத்தால் வருகிற இருட்டா என்று கேட்பீர்கள். பாதிதான். பழைய பிரிட்டிஷ் மெட்டுகளில் நிறைய டோரியன், மிக்ஸோலிடியன் என்ற அமைப்புகளில் இருக்கும். நமக்குப் பழகிய பெயரில் சொன்னால் டோரியனின் சுரங்கள் கரகரப்பிரியாவினுடையவை, மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. கரகரப்பிரியாவைக் கேட்டு நம்மில் யாரும் பயந்ததில்லையே. அப்படியானால் மேற்கத்தியக் காதுக்கு மட்டும் ஏன் அது பழங்காலமாக, அமானுஷ்யமாகக் கேட்கிறது? அவர்களுடைய சாதாரண சோகப் பாட்டு பெரும்பாலும் கீரவாணி வழியில் போகும். காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த 'நி', வந்து மேல் ஷட்ஜத்தைப் பிடித்து இழுக்கும், பாட்டு வீடு வந்து சேர்ந்த நிம்மதி கிடைக்கும். டோரியனில் நிஷாதம் கைசிகி, அதாவது தாழ்ந்த 'நி'. அந்த இழுப்பு இல்லை. வரி முடிந்த பிறகும் பாட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும், உள்ளே வராது. அதோடு கிடாரின் தடித்த தந்தியை ஒரு சுரம் இறக்கி, தம்பூரா போல ஒரே சுரத்தை அடியில் ஓடவிட்டால், கார்டு மாறுவதால் வரும் நகர்வும் போய்விடும். நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு சங்கதி. கையில் கிடார் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள், பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை.

இசையில் 'காத்' (கோதிக்கின் சுருக்கம், இருண்ட ராக்) என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அது இன்னும் பிந்தியது. 1979ல் இங்கிலாந்தின் பௌஹவுஸ் குழு ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு பாட்டை வெளியிட்டதிலிருந்து கணக்கு வைப்பது வழக்கம். அந்தக் குழுவின் அடுத்த பதிவுகளை வெளியிட்டது 1980ல் தொடங்கிய 4ஏடி என்ற லண்டன் நிறுவனம். அதே நிறுவனம் 1983ல், டிம் பக்லி என்ற அமெரிக்க ஃபோக் பாடகரின் பாட்டை எலிசபெத் ஃப்ரேசர் என்ற பெண் குரலில் எதிரொலிக்குள் முக்கி எடுத்து வெளியிட்டது. கிடாரும் குரலும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் இருட்டு ஃபோக்கின் இன்றைய சத்தம் அங்கேதான் பிறந்தது. 4ஏடி பெயரை நினைவில் வையுங்கள்.

(நடுவில் ஒரு எச்சரிக்கை. 'நியோஃபோக்' என்று ஒரு கிளை 1980களில் பிரிட்டனில் கிளம்பியது. அதில் சிலர் நாஜிச் சின்னங்களோடு விளையாடியவர்கள். இணையம் உங்களை ஹார்டிங்கிலிருந்து மூன்றே சொடுக்கில் அங்கே கொண்டுபோய்விடும். அட்டையைப் பார்த்துக் கேளுங்கள்.)

இனி லிட்டல்டன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துறைமுகம். அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம் அது, வீடுகள் சரிவில் ஏறி நிற்கும். சுமார் 3,000 பேர். தென்துருவம் போன ஸ்காட்டும் ஷாக்கிள்டனும் கப்பல் ஏறிய கரை. நகரத்துக்குச் சாலைச் சுரங்கம் வந்தது 1964ல்தான். 2011 பிப்ரவரி 22 மதியம் 12.51க்கு வந்த நிலநடுக்கத்தின் மையம் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே. 185 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நகரத்தில். லிட்டல்டனின் முக்கியத் தெருவில் பாதி இடிந்து தரைமட்டமானது, கச்சேரி நடக்கும் இடங்கள் போயின.

நிலநடுக்கம் வந்தது, அதனால் இருட்டுப் பாட்டு வந்தது என்று எழுதுவது சுலபம். நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. லிட்டல்டன் பாடகர் கூட்டம் அதற்கு முன்பே பழைய கொலைப் பாட்டுகளையும் கன்ட்ரி பாட்டுகளையும் பாடிக்கொண்டிருந்த கூட்டம்தான். மார்லன் வில்லியம்ஸ், டெலனி டேவிட்சன் இரண்டு பேரையும் தேடிக் கேளுங்கள். எல்லோரும் எல்லோருடைய பாட்டிலும் வாசிப்பார்கள், பாடுவார்கள். ஊர் அவ்வளவு சின்னது.

ஹார்டிங்கின் சொந்தப் பெயர் ஹன்னா டாப். 1990ல் பிறந்தவர். அம்மா லொரினா ஹார்டிங்கும் ஃபோக் பாடகி, மேடைப் பெயரின் பின்பாதி அங்கிருந்து வந்தது. சின்ன வயதில் மிருக வைத்தியராக வேண்டும் என்றுதான் எண்ணம். ஜெரால்டின் என்ற சிற்றூரில் தெருவோரம் நின்று பாடிக்கொண்டிருந்தபோது, அன்று அங்கே கச்சேரிக்கு வந்திருந்த அனிகா மோவா என்ற பிரபலப் பாடகி கேட்டுவிட்டுத் தன் மேடையிலேயே பாட வைத்தார். அங்கிருந்து 2014ல் தன் பெயரிலேயே முதல் ஆல்பம், லிட்டல்டனில் பென் எட்வர்ட்ஸின் ஸ்டுடியோவில் பதிவானது.

நீங்கள் கேட்ட 'கோதிக்' எல்லாம் இந்த ஆல்பத்தைப் பற்றித்தான். நைலான் தந்திக் கிடார், விரலால் மீட்டுவது. குரல் நெஞ்சிலிருந்து, கொஞ்சம் நடுக்கத்தோடு, உச்சரிப்பை வேண்டுமென்றே பழங்காலமாக்கி. 'ஹன்டர்', 'பீஸ்ட்', 'ஸ்மால் போன்ஸ் ஆஃப் கரேஜ்' என்று தலைப்புகளே வேட்டை, மிருகம், எலும்பு. ஒரு பாட்டின் பெயர் 'டைட்டஸ் க்ரோன்'. அது மெர்வின் பீக் 1946ல் வெளியிட்ட நாவலின் பெயர், முடிவே இல்லாத ஒரு கோட்டைக்குள் நடக்கிற கதை. வால்போலின் வீட்டுக் கதவை ஹார்டிங்கே தட்டியிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெயர் பத்திரிகைக்காரன் ஒட்டியதா என்று கேட்டீர்களே, இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இல்லை.

இருந்தாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: அழகான ஆல்பம், கொஞ்சம் இரவல் உடுப்பு. 24 வயதுப் பெண் 200 வருஷத்துப் பாட்டியின் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாடுகிறார். போர்வை பொருந்துகிறது. அவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. 'ஸ்டாப் யுவர் டியர்ஸ்' மட்டும் விதிவிலக்கு. அதில் போர்வை நழுவுகிறது.

அது முழுசாக விழுவது 2017ல் வந்த 'பார்ட்டி'யில். நியூசிலாந்துக்கு வெளியே வெளியிட்டது நான் மேலே சொன்ன 4ஏடி. உள்ளூரில் ஃப்ளையிங் நன், அது 1981ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்த நிறுவனம், அதாவது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். பதிவு செய்தவர் பிரிஸ்டலில் இருக்கும் ஜான் பாரிஷ், பி.ஜே. ஹார்வி என்ற ஆங்கிலப் பாடகியோடு பல வருஷம் வேலை செய்தவர். அவர் செய்த பெரிய காரியம், நிரப்பாமல் விட்டது. பாட்டில் பாதி வெற்றிடம். மூச்சு வாங்குவது கேட்கும்.

'இமேஜினிங் மை மேன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள், ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. மெதுவான காதல் பாட்டு மாதிரிதான் போகும். தூக்கம்கூட வரும். திடீரென்று நடுவில் சில குரல்கள் சேர்ந்து "ஹேய்!" என்று கத்தும். பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்திலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. மறுபடி எதுவும் நடக்காதது போலப் பாட்டு தன் பாட்டுக்குப் போகும். முதல் தடவை என் கையிலிருந்த டம்ளர் ஆடிப்போனது. ஆலைக்காரன் அணையில் பிணம் ஒதுங்கும்போது வருகிற நடன அழைப்பை நினைத்துப் பாருங்கள். சங்கதி அதேதான். சம்பந்தமில்லாத ஒட்டுவரி, பாடகி கண்டுகொள்ளாமல் இருப்பது. கோட்டை இல்லை, எலும்பு இல்லை, வேட்டைக்காரன் இல்லை. இந்த ஆல்பத்தைத்தான் நான் உண்மையான கோதிக் என்பேன், ஆனால் பத்திரிகைகள் அந்தச் சொல்லை இந்த நேரத்தில்தான் கைவிட ஆரம்பித்தன. மறுவருஷம் நியூசிலாந்தில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் டெய்ட் பரிசு இதற்குக் கிடைத்தது.

இப்போது முகத்துக்கு வரலாம். பழைய பாட்டுக்காரி முகத்தை அசைக்க மாட்டாள், கதைதான் அசையும் என்று சொன்னேன். இங்கிலாந்தின் ஃபோக் பாடகி ஷெர்லி காலின்ஸ் இதில் இலக்கணம். கொலையையும் அறுவடையையும் ஒரே குரலில் பாடுவார். 38 வருஷம் ஆல்பமே போடாமல் இருந்து 2016ல் எண்பத்தொரு வயதில் திரும்பி வந்தபோதும் அதே முகம், அதே நிதானம். ஹார்டிங் இதைத் தலைகீழாக்கிவிட்டார். அவருடைய வரிகளில் பயங்கரம் எதுவும் நடக்காது, நடந்தாலும் நமக்குப் புரியாது. முகம்தான் எல்லாவற்றையும் செய்யும். பாட்டு சொல்லாத செய்தி ஏதோ அந்த முகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். கொலைப் பாட்டில் கொலை தெரியும், பாடுபவர் மனசு தெரியாது. இங்கே பாடுபவர் மனசு முகத்தில் கொதிக்கிறது, கொலை எங்கே என்று தெரியவில்லை. அதனால்தான் அதை நடிப்பு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நடிப்பு என்றால் அர்த்தம் விளங்க வேண்டுமே.

வரிகளுக்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் பேட்டிகளில் விளக்கம் கேட்டால் பிடிகொடுக்க மாட்டார். இணையத்தில் வரிக்கு வரி பொழிப்புரை எழுதி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நான் படித்த எதுவும் பாட்டைக் கூடுதலாக ரசிக்க வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை வேறு நிறம். 2019ன் 'டிசைனர்' வெயில் அடிக்கும் ஆல்பம், கால் தாளம் போடும். அதிலுள்ள 'த பேரல்' அந்த வருஷம் நியூசிலாந்தின் சிறந்த பாட்டுக்கான சில்வர் ஸ்க்ரோல் விருது வாங்கியது. அதன் காணொளியில் வெள்ளை உடையும் உயரமான தொப்பியுமாக, பழைய மதபோதகர் போல நின்று, இடுப்பை மட்டும் அசைத்து ஒரு ஆட்டம் ஆடுவார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாது. 2022ன் 'வார்ம் கிரிஸ்'ஸில் பாட்டுக்குப் பாட்டு குரலையே மாற்றிவிட்டார். ஒன்றில் சிறு பெண், இன்னொன்றில் மூக்கால் பாடும் கிழவர். தெரியாமல் கேட்டால் ஐந்து பேர் பாடிய தொகுப்பு என்பீர்கள். 'கோதிக் ஃபோக்' என்று தேடி வருகிறவர்கள் இங்கே ஏமாந்து திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

ஆகவே வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த பிபிசி காணொளி. அடுத்து 'பார்ட்டி' முழுசாக, இரவில், ஒரே மூச்சில். பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு சகோதரிகள் பாட்டின் ஏதாவது ஒரு பழைய அமெரிக்கப் பதிவு, எவ்வளவு கரகரப்பாக இருந்தாலும் சரி. அதற்கப்புறம்தான் 2014 ஆல்பம். நேராக அதற்குப் போனால் அழகாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடுவீர்கள். போர்வை யாருடையது என்று தெரிந்த பிறகு போனால், 'ஸ்டாப் யுவர் டியர்ஸ்'ஸில் அது எந்த இடத்தில் நழுவுகிறது என்று உங்கள் காதே காட்டிக்கொடுக்கும். 'இமேஜினிங் மை மேன்' கேட்கும்போது மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள்.